போர்ஷே 911: விற்பதா, ஓட்டுவதா, மூடி வைப்பதா?

லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிற ஒரு அண்ணன் 1987-இல் தயாரான போர்ஷே 911 வைத்திருக்கிறார். கரேரா 3.2 என்ற ரகம் (இனி சுருக்கமாக 3.2), வலது பக்க ஸ்டீயரிங், ஜி50 கியர்பாக்ஸ். 2004-இல் வாங்கியபோது அது வெறும் பழைய கார், இப்போது கிளாசிக். விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, மகளுக்கு வீடு வாங்க டெபாசிட் வேண்டும் என்ற பேச்சும் வீட்டில் எழுந்திருக்கிறது, அதனால் "தம்பி, இப்பவே வித்துடலாமா, இல்ல இன்னும் ஏறுமா?" என்று கேட்டார்.

இந்த மாதிரி கார் வைத்திருப்பவர்கள் எல்லோருமே "இன்னும் ஏறுமா"வில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதில் ஆரம்பித்தால் எங்கேயும் போய்ச் சேர மாட்டோம், ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது. வருஷத்துக்கு என்ன செலவாகிறது, எத்தனை தடவை உண்மையிலேயே வண்டியை வெளியே எடுக்கிறீர்கள், எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றும் தெரிந்தால் முடிவு கிட்டத்தட்ட தானாகவே வந்துவிடும்.

முதலில் அந்த லாபத்தை உரசிப் பார்ப்போம். எண்களை வட்டமாகச் சொல்கிறேன். வாங்கியது 16,000 பவுண்டு, இன்று நல்லபடியாக விற்றால் 55,000 என்று வைத்துக்கொள்வோம். 39,000 லாபம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 20 வருஷத்தில் இன்ஷூரன்ஸ், ரோடு டாக்ஸ், சர்வீஸ், டயர், ஆயில் லீக்கை அடைத்த செலவு, ஒரு கிளட்ச் (இந்தக் காரில் கிளட்ச் மாற்ற எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கீழே இறக்க வேண்டும், கிளட்ச் விலையை விடக் கூலி அதிகம்) எல்லாவற்றையும் சேர்த்து வருஷத்துக்குச் சராசரி 1,800 என்று போட்டாலே 36,000 போய்விட்டது. மிச்சம் 3,000. அதாவது அண்ணன் பணம் பண்ணவில்லை, 20 வருஷம் கிட்டத்தட்ட ஓசியில் 911 ஓட்டியிருக்கிறார். இது ஒன்றும் மோசமான விஷயம் இல்லை, சாதாரண கார் ஓட்டுபவர் யாருக்கும் கிடைக்காத சலுகை. ஆனால் "இது என் முதலீடு" என்று சொல்லிக்கொண்டு உட்காருவது வேறு கதை.

இனிமேல் வரப்போகும் கணக்கும் அப்படித்தான். ஓட்டுகிற வண்டிக்கு இன்ஷூரன்ஸ் 400, ரோடு டாக்ஸ் 350 சொச்சம், சர்வீஸ் ரிப்பேர் 1,200, லண்டன் மாசுக் கட்டணம் (புகை அதிகம் விடும் பழைய கார் ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் கட்டுவது) ஒரு 250, ஆக வருஷம் 2,200. அந்த 55,000 பவுண்டு வங்கியில் 4 சதவீதத்துக்குக் கிடந்தால் இன்னொரு 2,200 வட்டி வந்திருக்கும். இரண்டும் சேர்த்து 4,400, ஆக கார் வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறினால்தான் கையைக் கடிக்காது. காருக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: பிரிட்டனில் சொந்தக் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. சட்டத்தின் கண்ணில் கார் என்பது தேய்ந்து அழியும் பொருள், அதனால் விலை ஏறினாலும் விலக்கு. பங்கை விற்றால் வருஷத்துக்கு 3,000 பவுண்டு லாபத்துக்கு மேல் 18 அல்லது 24 சதவீதம் கட்ட வேண்டும், வங்கி வட்டிக்கும் ஓரளவுக்கு மேல் வருமான வரி உண்டு. அதனால் மேலே சொன்ன 8-ஐ 7 என்றோ ஆறரை என்றோ இறக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் இறக்க முடியாது. ஆனால் இந்த விலக்கை நம்பி வருஷத்துக்கு நாலு கார் வாங்கி விற்க ஆரம்பித்தால் வரித்துறை அதை வியாபாரமாகப் பார்த்து வருமான வரியே கேட்கும்.

விலை எங்கே போகும் என்று ஆரூடம் சொல்ல மாட்டேன், நடந்ததை மட்டும் சொல்கிறேன். அண்ணன் காரைப் போலவே காற்றால் குளிரும் எஞ்சினுடன் வந்த கடைசி 911 ஆன 993 ரகத்தை 1998-இல் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தண்ணீரால் குளிர்வது. இனி அந்த வகை வராது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் பத்துப் பதினைந்து வருஷம் விலை பெரிதாக அசையவில்லை. 2010-களின் முதல் பாதியில்தான் எகிறியது, அப்புறம் மட்டுப்பட்டது, கோவிட் காலத்துக்குப் பிறகு மறுபடி ஒரு துள்ளல், மறுபடி ஓய்வு. சிறு வயதில் சுவரில் இந்தக் காரின் போஸ்டரை ஒட்டி வைத்திருந்தவர்கள் நாற்பது ஐம்பது வயதைத் தொட்டு, கையில் காசு வந்த நேரம் அது. அதே காரணத்தால்தான் அவர்களுடைய அப்பாக்கள் ஆசைப்பட்ட எம்ஜிபி மாதிரி பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் விலையில் அசையாமல் நிற்கின்றன. ஒரு தலைமுறைக்குப் பிறகு 3.2-க்கும் அந்த நிலை வரலாம். வரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

விழுந்த கதையும் உண்டு. 1988 ஆகஸ்டில் ஃபெராரி கம்பெனியை நிறுவிய என்ஸோ ஃபெராரி இறந்த பிறகு ஃபெராரி விலைகள் பைத்தியம் பிடித்த மாதிரி ஏறின. ஃபெராரியின் 250 ஜிடிஓ ரகக் கார் ஒன்று 1989-இல் ஒரு கோடி டாலரைத் தாண்டி விற்றது, 1990-களின் நடுவில் அதே ரகக் கார் முப்பது லட்சம் டாலர் பக்கம் கைமாறியது. பழைய உச்சத்தைத் திரும்பப் பார்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில்தான் ஜாகுவார் எக்ஸ்ஜே220-க்கு ஆளாளுக்கு 50,000 பவுண்டு முன்பணம் கட்டினார்கள், கார் தயாராகி வருவதற்குள் பொருளாதாரம் சுருண்டுவிட்டது, "எங்களுக்கு வேண்டாம், ஒப்பந்தத்திலிருந்து விடு" என்று நீதிமன்றம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். 250 ஜிடிஓ 2018-இல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனதை மட்டும் சொல்லி "பார், கிளாசிக் கார் ஏறிக்கொண்டேதான் இருக்கும்" என்பவர்கள் நடுவில் இருந்த அந்தப் பத்து வருஷத்தைச் சொல்வதில்லை. தவிர அந்தக் கார் மொத்தமே 36 தான் செய்தார்கள். 3.2 அப்படி அபூர்வமான கார் இல்லை, எந்த நாளில் தேடினாலும் பிரிட்டனில் சில விற்பனைக்கு இருக்கும்.

சரி, இப்போது வழிகளைப் பார்ப்போம். மூடி வைப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம் ஆட்களுக்கு இதில்தான் மயக்கம் அதிகம். லாக்கரில் வைத்த நகை மாதிரி நினைக்கிறார்கள். நகை துருப்பிடிக்காது, அதன் ரப்பர் காயாது, அதில் பெட்ரோல் கெட்டுப் போகாது. காருக்கு இவ்வளவும் நடக்கும். ஈரப்பதம் கட்டுப்படுத்திய நல்ல கிடங்கில் விட்டால் மாதம் 150 பவுண்டு என்று வைத்தாலே வருஷம் 1,800, ஓட்டாத வண்டிக்கான இன்ஷூரன்ஸ் ஒரு 300. சாலைக்கு வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ரோடு டாக்ஸ் இல்லை. கூட்டினால் 2,100. ஓட்டுகிறவருக்கு 2,200, ஓட்டாதவருக்கு 2,100! வருஷத்துக்கு நூறு பவுண்டு மிச்சம் பிடிக்க ஒரு 911-ஐ ஓட்டாமல் விடுவதா?

சொந்த கராஜில் வைத்தால் கிடங்குச் செலவு இல்லை, உண்மைதான். ஆனால் மூன்று வருஷம் நின்ற காரை மறுபடி சாலைக்குக் கொண்டுவரும்போது பிரேக் காலிப்பர் இறுகியிருக்கும், ஹோஸ்கள் வெடித்திருக்கும், டயரில் பட்டன் நிறைய இருந்தும் ரப்பர் கல்லாகியிருக்கும், பெட்ரோல் டாங்கைக் கழுவ வேண்டியிருக்கும். சில ஆயிரம் பவுண்டு ஒரே பில்லில் வரும். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்றாலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது, அதைப் பழைய காரில் ஊற்றி மாதக்கணக்கில் நிறுத்துவது ரப்பர் குழாய்களுக்கு நல்லதில்லை. பெட்ரோல் பங்கில் கொஞ்சம் விலை கூடிய, எத்தனால் குறைந்த சூப்பர் ரகத்தைத்தான் ஊற்ற வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கராஜ் கதவைத் திறந்து, ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, "வாரா வாரம் ஸ்டார்ட் பண்றேன்" என்று திருப்தியோடு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் இந்த எஞ்சின் சூடே ஆகாது. இதில் ஆயில் மட்டும் பத்து லிட்டருக்கு மேல், அது தனி டாங்கில் இருக்கிறது, அத்தனையும் சூடாக அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். அதற்கு முன் அணைத்தால் எரிந்த புகையிலுள்ள நீராவி சைலன்சரிலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலும் தண்ணீராகத் தங்கி உள்ளேயிருந்து அரிக்கும், கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். அதற்குப் பதில் ஸ்டார்ட் பண்ணாமலே விட்டுவிடலாம். ஆயில் பார்ப்பதும் அப்படித்தான்: நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்து, அளவு குறைவாகத் தெரிகிறதே என்று ஒரு லிட்டர் ஊற்றினால் மிஞ்சியது காற்று வடிகட்டி வழியாகப் போய்ப் பின்னால் நீலப் புகை மண்டும், அப்புறம் "எஞ்சின் போச்சு" என்று பயந்து மெக்கானிக்கிடம் ஓட வேண்டியதுதான்.

வைத்து ஓட்டுவது என்றால் லண்டன்காரர்களுக்கு மாசுக் கட்டணம்தான் முதல் புலம்பல். 2023 ஆகஸ்ட் 29-இல் அந்த எல்லை லண்டன் முழுக்க விரிந்ததிலிருந்து ஹாரோவும் உள்ளே. 1987 பெட்ரோல் கார் வாசலை விட்டு இறங்கினாலே அன்றைக்கு 12.50 பவுண்டு. அண்ணன் வண்டி எடுப்பதைக் குறைத்ததே இதற்கு அப்புறம்தான். ஆனால் பாருங்கள், வருஷத்தில் 20 நாள் எடுத்தால் மொத்தமே 250 பவுண்டு. 55,000 பவுண்டு காருக்கு அது ஒரு பெரிய தொகையே இல்லை. ஒவ்வொரு தடவையும் தனியாகக் கட்டுவதால் மனசுக்குள் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அது மட்டுமில்லை, 40 வருஷம் தாண்டிய கார்களுக்கு பிரிட்டனில் ரோடு டாக்ஸ் இல்லை, அந்த வகையில் பதிந்துகொண்டால் இந்த மாசுக் கட்டணமும் இல்லை. 1987-இல் தயாரான வண்டிக்கு அது 2028 ஏப்ரல் 1-இல் வருகிறது. வருஷத்துக்கு 600 பவுண்டு மிச்சம். அதுவாக வராது, ரோடு டாக்ஸ் வகையை மாற்றச் சொல்லி நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிப் பரிசோதனைக்கும் 40 வருஷத்துக்குப் பிறகு விலக்கு உண்டு, ஆனால் அதை மட்டும் விடாதீர்கள். எம்ஓடி விவரங்கள் 2005-இலிருந்து அரசுத் தளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. கார் எத்தனை மைல் ஓடியது என்று வாங்க வருகிறவர் அதில்தான் சரிபார்ப்பார், இடையில் நாலு வருஷம் காலியாக இருந்தால் ஏன் என்று கேட்பார்.

அந்த 40 வயதுச் சலுகையால் தேவையும் விலையும் கூடுமா? லண்டனுக்குள் ஓட்ட ஆசைப்படுபவருக்குக் கட்டணம் இல்லாத 911 கவர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் 1985, 1986 கார்களுக்கு அது முன்னதாகவே வந்துவிடுவதால் இதை நம்பிப் பெரிய கோட்டை கட்ட வேண்டாம்.

விற்பது என்று வந்துவிட்டால், ஒரு விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு: விற்பதற்காகப் பெயின்ட் அடிக்காதீர்கள். முன் பம்பரில் கல் தெறித்த தடம் இருந்தால் இருக்கட்டும். வாங்க வருபவர் பெயின்ட் கனத்தை அளக்கும் கருவியோடு வருகிறார், புதுப் பெயின்டைப் பார்த்ததும் "அடியில் எதை மறைத்தார்கள்" என்றுதான் யோசிப்பார். இந்த ரகத்துக்கு ஜிங்க் பூச்சு போட்ட உடம்பு என்றாலும் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பட்டையிலும், கதவு பூட்டுகிற தூணின் அடியிலும் துரு வரும், தெரிந்தவன் நேரே அங்கேதான் குனிவான். அதே மாதிரி, பார்ட்டி வருவதற்கு முன்னால் எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது குப்பென்று கொஞ்சம் புகை வந்து அடங்கினால் அது இந்தப் படுத்த சிலிண்டர் எஞ்சினுக்கு இயல்பு. ஓடும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் புகை தொடர்ந்தால்தான் வால்வ் கைடு (வால்வ் ஏறி இறங்கும் குழல்) தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், 3.2-இன் பேர்போன பலவீனம் அது. சர்வீஸ் புத்தகம், பழைய பில்கள், எஞ்சின் நம்பர் காரோடு பிறந்ததுதான் என்பதற்கான ஆதாரம், எல்லாம் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் இருந்தால் பேரத்தில் பாதி முடிந்த மாதிரி.

நேரடியாக விற்றால் கமிஷன் இல்லை, ஆனால் வாங்கவே உத்தேசம் இல்லாமல் ஓட்டிப் பார்க்க மட்டும் வருகிறவர்களைச் சமாளிக்க வேண்டும். இந்த ரகத்தையே விற்கும் டீலரிடம் கமிஷனுக்கு விடலாம், விலை கூடக் கிடைக்கும், தலைவலி குறைவு. ஆனால் பணம் உங்கள் கணக்கில் வந்து சேரும் வரை கார் உங்களுடையதுதான் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், டீலர் திவாலானால் அந்த ஒரு காகிதம்தான் காப்பாற்றும். பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருப்பது மட்டும் சொந்தத்துக்கு அத்தாட்சி ஆகாது. ஆன்லைன் ஏலம் இந்த விலைக் காருக்கு நன்றாகவே வேலை செய்கிறது, குறைந்தபட்ச விலையை முன்பே குறித்துவிட வேண்டும். எதுவானாலும் மார்ச் முதல் ஜூன் வரைதான் பருவம். நவம்பரில், ரோட்டில் உப்புத் தூவுகிற மாதத்தில், 911 விற்கக் கிளம்புவது வீண்வேலை.

நாலாவது வழி, இதை விற்றுவிட்டு விலை குறைந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொள்வது. 2005-க்குப் பிறகு வந்த 987 பாக்ஸ்டர் இதில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும், லண்டன் கட்டணமும் இல்லை, மழையில் விட்டாலும் தூக்கம் கெடாது. ஓட்ட அது இன்னும் நல்ல கார் என்றுகூடச் சொல்வேன், சண்டைக்கு வராதீர்கள். ஓட்டும் சுகம்தான் வேண்டும், பேர் வேண்டாம் என்பவருக்கு இதுதான் சரி. ஒரே எச்சரிக்கை, "இப்ப வித்துட்டு விலை இறங்கினா திரும்ப வாங்கிக்கலாம்" என்ற நினைப்போடு இதில் இறங்காதீர்கள். விற்கும்போது ஒரு கமிஷன், வாங்கும்போது ஒரு கமிஷன், அதோடு 20 வருஷமாக உங்களுக்கு அத்துப்படியான வண்டியைக் கொடுத்துவிட்டு அடுத்தவனுக்கு மட்டும் அத்துப்படியான வண்டியை வாங்க வேண்டும்.

கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவது பற்றி ஒரு வரி போதும்: இன்ஷூரன்ஸ்காரர் சொல்லும் தொகையைக் கேட்டதும் ஆசை போய்விடும். மகள் பேருக்கு மாற்றிவிட்டு அண்ணனே ஓட்டுவது என்ற யோசனையும் வந்தது. வாரிசு வரி கண்ணில் அது கொடுத்ததாகவே ஆகாது, கொடுத்த பிறகும் இலவசமாக அனுபவித்தால் ஏழு வருஷம் கழிந்தாலும் அது அவர் சொத்துக் கணக்கிலேயே நிற்கும்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு இந்த வருஷமே பணம் தேவை என்றால் கணக்கே வேண்டாம், வசந்தத்தில் விற்றுவிடலாம் என்றேன். ஆனால் மகளோ இரண்டு வருஷம் கழித்துத்தான் வாங்கும் எண்ணத்தில் இருக்கிறாள், "அப்பா, நான் கேட்கவே இல்லையே" என்கிறாள். அதனால் நான் சொன்னது, விளம்பரம் எழுதுவதற்கு முன்னால் இந்த எஞ்சினை நன்றாகத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) எடுத்து, எஞ்சினின் மற்ற பாகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள், சில நூறு பவுண்டு வேலை. ஆறு சிலிண்டரும் நன்றாக இருந்தால் 12.50-ஐப் பார்க்காமல் மாதம் இரண்டு முறை ஓட்டுங்கள், 2028 ஏப்ரல் வரட்டும், மகள் வீடு பார்க்க ஆரம்பிக்கும்போது மறுபடி பேசலாம். அதற்குள் விலை ஐயாயிரம் இறங்கினாலும் போகட்டும். சோதித்ததில் கைடு போயிருக்கிறது, ஸ்டட் (சிலிண்டரைப் பிடித்து நிறுத்தும் நீளமான போல்ட்) உடைந்திருக்கிறது என்று வந்தால் எஞ்சினைப் பிரித்துக் கட்ட ஐந்திலக்க பில். அந்த பில்லை "இன்னும் 20 வருஷம் நான்தான் ஓட்டப்போகிறேன்" என்று சிரித்துக்கொண்டே கட்டுவார் என்றால் கட்டட்டும். கட்டும்போது வயிறு எரியும் என்றால் ரிப்பேர் செய்யாமல், டெஸ்ட் ரிப்போர்ட்டை ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்து, விலையை அதற்கேற்பக் குறைத்து அப்படியே விற்றுவிட வேண்டும். விற்பதற்காக எஞ்சின் கட்டினால் போட்ட காசு முழுசாகத் திரும்பாது, வாங்குகிறவர் தனக்குப் பிடித்த மெக்கானிக்கிடம்தான் கட்ட விரும்புவார்.